கடவுளுக்கு ஏலாதாம்

"கடவுளுக்கு ஏலாது! ஓம், ஏலவே ஏலாது!"

இரணைமடுச் சந்தி பஸ் தரிப்பிடத்தில், ஒருவரும் இல்லை என்ற துணிச்சலில், தூணுக்கு நேரே விரலை நீட்டிச் சொன்னாள் வினோஜா. தூண் மறுத்துப் பேசவில்லை. புரட்டாதி மழை தகரக் கூரையில் விழுந்த சத்தம் ஊரே எழுந்து நின்று கைதட்டுவது போல இருந்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது. இன்னொரு தரம் சொன்னாள்.

"எத்தினை நாளா ஏலாது?"

திடுக்கிட்டுத் திரும்பினாள்.

மழைக்கோட், முழங்கால்வரை றப்பர் பூட்ஸ், தலையில் ஹெல்மெற். மோட்டச்சைக்கிளை நிறுத்திவிட்டு அப்போதுதான் கூரைக்குள் ஓடி வந்திருக்கிறான். முகம் என்று பெரிதாக ஒன்றும் தெரியவில்லை... இரண்டு கண்கள் மட்டும். இமை முழுக்க மழைத்துளி. அந்தத் துளிகளுக்குப் பின்னால் இருந்து மிகுந்த அக்கறையோடு பார்த்தன.

"என்ன?"

"எத்தினை நாளா ஏலாமல் இருக்கு எண்டு கேட்டனான். தீன் எடுக்குதோ?"

"ஆர்?"

"கடா."

"எந்தக் கடா?"

"நீங்கள்தானே சொன்னனீங்கள்... கடாவுக்கு ஏலாது எண்டு. வயிறு ஊதியிருக்கோ? புழுக்கை ஒழுங்காப் போடுதோ?"

வினோஜாவின் காது நுனி சிவந்தது. இரண்டு கிழமையாக அவள் தீட்டித் தீட்டிக் கூராக்கிய வாதம்... அதற்கு வந்த முதல் எதிர்வாதம் ஆட்டுப் புழுக்கை!

"நான் கடா எண்டு சொல்லேல்லை. கடவுள் எண்டு சொன்னனான். க-ட-வு-ள். கடவுளுக்கு ஏலாது!"

அவன் ஹெல்மெற்றைக் கழற்றினான். சுருள் முடியில் இருந்து ஒரு துளி மூக்கில் விழுந்தது. அதைத் துடைக்காமலே கேட்டான்:

"ஐயோ... அவருக்கு என்ன வருத்தம்?"

சிரிக்கக் கூடாது என்று அவள் உதட்டைக் கடித்தாள். உதடு கேட்கவில்லை.

குற்றம் முழுக்க அவன்மேல் இல்லை. வன்னியில் 'ஏலாது' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் மூன்று வேலை பார்க்கிறோம். முடியாது என்பதற்கும் ஏலாது. காய்ச்சல் என்பதற்கும் ஏலாது. மனமில்லை என்பதை மரியாதையாகச் சொல்வதற்கும் ஏலாது. போதாக்குறைக்கு அவன் மிருக வைத்தியன். ஏலாது என்ற சொல் எந்தத் திசையில் இருந்து கேட்டாலும் அவனுடைய கை பைக்குள் ஊசியைத் தேடும்.

"நான் அளவையியல் படிப்பிக்கிறனான்," என்றாள், கொஞ்சம் நிமிர்ந்து.

"காணி அளக்கிறதோ?"

"எல்லாரும் இதைத்தான் கேக்கினம்! காணி இல்லை, கதை. ஒராள் கதைக்கிறது சரியோ பிழையோ எண்டு அளக்கிறது. தர்க்கம்!"

"அப்ப கடவுளை அளந்திட்டியளோ?"

"அளந்திட்டன். கட்டை."

"எப்பிடி?"

கேட்டுவிட்டான். இனி மழை விட்டாலும் அவள் விடமாட்டாள்.

"எல்லாம் ஏலும் எண்டுற கடவுளால, தன்னாலேயே திறக்க ஏலாத ஒரு வான்கதவைச் செய்து இந்த இரணைமடுக் குளத்தில தண்ணி மறிக்கப் பூட்ட ஏலுமோ?"

"ஏலும்."

"அப்ப அந்தக் கதவை அவராலேயே திறக்க ஏலாது. எல்லாம் வல்லவர் இல்லை!"

"சரி... ஏலாது எண்டு வைப்பம்."

"அப்ப செய்ய ஏலாத ஒண்டு இருக்கு. அப்பவும் எல்லாம் வல்லவர் இல்லை!"

அவன் ஹெல்மெற்றில் இருந்த தண்ணீரை உதறினான். கண்கள் மட்டும் சிரித்தன.

"பாவம் மனுசன்," என்றான்.

"மனுசன் இல்லை, கடவுள்."

பஸ் வந்துவிட்டது. ஏறும்போது பின்னால் இருந்து குரல் கேட்டது. "அடுத்த செவ்வாயும் நான் இந்தப் பக்கம்தான் வருவன். பதில் சொல்லுறன்!"

"சொல்ல ஏலாது!" என்று படியில் நின்று கத்தினாள். நடத்துநர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். அவளுக்கு அது உறைக்கவில்லை. சாளரக் கண்ணாடியில் வழிந்த ஒவ்வொரு துளியிலும் இரண்டு கண்கள்... சீ, என்ன இது? முன்னும் இல்லை, பின்னும் இல்லை, ஒரு தர்க்கமும் இல்லை.

அடுத்த செவ்வாயும் மழை வந்தது. அவனும் வந்தான். பெயர் கிருபன் என்றும், செட்டிகுளத்து ஆள் என்றும், படித்தது பேராதனைக் கம்பஸ் என்றும் தெரிந்தது. பதிலோடுதான் வந்திருந்தான்.

"ரீச்சர், வட்டமான ஒரு சதுரம் கீறுங்கோ பாப்பம்."

"அது ஏலாது."

"உங்கட கைக்குப் பலம் காணாதோ?"

"கைக்கும் அதுக்கும் என்ன? அப்பிடி ஒண்டே இல்லையே!"

"அதைத்தான் நானும் சொல்லுறன். எல்லாம் வல்லவர் திறக்க ஏலாத கதவு எண்டதும் வட்டமான சதுரம்தான். வெறும் சொல்லு. பொருள் இல்லை. இல்லாத ஒண்டைச் செய்யேல்லை எண்டு ஆரையும் குறை சொல்லலாமோ?"

முதல் தோல்வி வினோஜாவுக்கு. வகுப்பிலும் வீட்டிலும் சந்தையிலும் தோற்றறியாத வினோஜாவுக்கு! பஸ்ஸில் கோபத்தோடுதான் ஏறினாள். இறங்கும்போது தான் முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருப்பதைக் கண்டு அதற்கும் கோபப்பட்டாள்.

அதற்குப் பிறகு வந்த செவ்வாய் மழை இல்லை. ஆனாலும் அவன் கூரைக்குள் ஒதுங்கினான், வெயிலாம். அன்றைக்கு அவள் மாம்பழ நிறத்தில் சேலை உடுத்தியிருந்தாள். அவன் இரண்டு தரம் வாதத்தை மறந்து, "சொல்லுங்க... இல்லை, சொல்லுங்கோ..." என்று தடுமாறினான். பதற்றம் வந்தால் அவனுடைய 'ங்கோ' தேய்ந்து 'ங்க' ஆகிவிடும். அப்பா செல்வராசா தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கலவரத்துக்குப் பயந்து குடும்பத்தோடு வன்னிக்கு வந்தவர் என்று தானாகவே சொன்னான். அவளோ அந்த 'ங்க' என்ற சத்தத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், யாரும் இல்லாத நேரம் ஒருக்கால் சொல்லிப் பார்த்தாள்.

தன் அப்பா யாரென்று அவள் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை.

அவளுடைய அப்பா யாரென்று கேட்கத் தேவையில்லாத ஊர் ஒன்று உண்டு. குளத்து வாய்க்கால் ஓரத்து ஊர். அங்கே அம்மன் கோயில் பரிபாலன சபைத் தலைவர், சைவநெறிச் செம்மல், சொற்கொண்டல், அறப்பணிக் காவலர் அப்புத்துரை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருந்து காணி கிடைத்து வந்த குடும்பம். அந்தப் பட்டங்களில் இரண்டைச் சபை அவருக்குக் கொடுத்தது. அப்போது சபைத் தலைவர் அவர். மூன்றாவது எப்படி வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரு நாள் பதாகையில் இருந்தது.

நவராத்திரிக்கு வழக்காடு மன்றம். இந்த முறை புதுமையாக ஒன்று வேண்டுமென்று செயலாளர் ஜனகன் தலைப்பை எடுத்து வந்தான்: 'எல்லாம் வல்லவர் என்று கடவுளைச் சொல்வது தர்க்கப் பிழை'. அப்புத்துரை அஞ்சவில்லை. நடக்கப்போவது கோயில் வீதியில். நடுவர் அவர். கடவுள் சொந்த மைதானத்தில் தோற்ற வரலாறு இல்லை. ஆனால் வழக்குத் தொடுப்பதற்கு ஒருவரும் முன்வரவில்லை. விதைக்கிற நேரத்தில் சாமியோடு யார் பகைப்பது?

"தோக்கிறதுக்குத்தானே ஆள் வேணும். வீட்டுப் பிள்ளையே தோக்கட்டும்," என்று ஒரு மாதத்துக்கு முன்பே மகளைப் போட்டிருந்தார்.

கடவுளுக்காகப் பேச யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு பண்டிதர் வருவதாக இருந்தது. மன்றம் நடக்கும் நாளன்று காலை தகவல் வந்தது. பண்டிதருக்கு ஏலாதாம். காய்ச்சல்.

"பயப்படாதேங்கோ. என்னோட கம்பசில விவாதம் பண்ணின டொக்டர் ஒராள் இருக்கிறார்," என்றான் ஜனகன்.

'டொக்டர்' என்ற சொல்லில் அப்புத்துரையின் சால்வை தானாகவே நேரானது.

பின்னேரம் மேடையில் ஏறிய வினோஜா எதிர்க் கதிரையைப் பார்த்தாள். வெள்ளை வேட்டி, விபூதி, சுருள் முடி... இமைகளில் துளி மட்டும் இல்லை.

"நீங்களோ!"

"ஜனகன் தலைப்பைச் சொன்னவுடன ஆளைக் கண்டுபிடிச்சிட்டன்," என்றான் மெதுவாக.

"என்ர வாதம் எல்லாத்தையும் பஸ் தரிப்பிடத்தில வைச்சுக் களவெடுத்திட்டு வந்து இருக்கிறியள்!"

"வாதம் மட்டும்தானே..."

அந்த 'மட்டும்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று அளக்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. அதற்குள் அப்புத்துரை, "வைத்திய கலாநிதி கிருபன் அவர்கள்" என்று நான்கு நிமிடம் வரவேற்றுப் பொன்னாடை போர்த்தினார். முன்வரிசையில் இருந்த இராசமலர் அக்கா உடனே எழுந்து முழங்கால் நோவைப் பற்றிக் கேட்டார்.

"மன்னிக்க வேணும், அக்கா. நாலு காலும் இருந்தாத்தான் எனக்கு வைத்தியம் தெரியும்."

சனம் சிரித்தது. அப்புத்துரையின் முகத்தில் பொன்னாடை விலை ஒரு நிமிடம் ஓடி மறைந்தது.

வழக்குத் தொடங்கியது. வினோஜா வான்கதவை எடுத்து வைத்தாள். சனம் நிமிர்ந்து இருந்தது. தண்ணி, குளம், கதவு என்றால் அந்த ஊருக்கு அது சமயத்தை விடப் பெரிய விசயம். "அப்ப பிள்ளை, திறப்பு ஆரிட்டக் கிடக்கு?" என்று ஒருவர் கவலையோடு கேட்டார். கடவுளே தடுமாறும் இடத்தில் சாவி யாரிடம் என்று கேட்டது நியாயமான கேள்விதான்.

கிருபன் எழுந்தான். வட்டச் சதுரத்தைக் கீறினான். பிறகு, அவள் கேட்டிராத ஒன்றைச் சொன்னான்.

"எங்கட ஊரில 'ஏலாது' எண்டும் சொல்லுறம், 'மாட்டன்' எண்டும் சொல்லுறம். ஏலாது எண்டால் பலம் காணாது. மாட்டன் எண்டால் மனம் வைக்கேல்லை. பெத்த தாயால பிள்ளையைத் தெருவில விட்டிட்டுப் போக ஏலாது எண்டு சொல்லுறமே... காலுக்குப் பலம் இல்லாமலோ? மாட்டா. அவ்வளவுதான். கடவுள் தனக்குத் தானே போட்ட கட்டும் அப்பிடித்தான். அன்பால கட்டுப்பட்டு நிக்கிறவரைப் பாத்து, ஏலாதவர் எண்டு சொல்லாதேங்க!"

கடைசிச் சொல்லில் 'ங்கோ' தேய்ந்துவிட்டது. ஏனென்றால் அதைச் சொல்லும்போது அவன் சனத்தைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான். வினோஜாவுக்கு எதிர்வாதம் தயாராக இருந்தது. நல்ல வாதம். மாட்டேன் என்று மட்டுமே சொல்லக்கூடிய ஒருவருக்கு, மாட்டேன் என்பதும் ஒரு கைவிலங்குதானே? இரண்டாம் சுற்றில் இதை வைத்து அவனை மடக்குவாள். ஊருக்கு முன்னால் ஒரு பெண் கடவுளையே வெல்லப்போகிறாள்... அவள் நெஞ்சு படபடத்தது. காரணம் வழக்கு மட்டும் அல்ல என்று நெஞ்சுக்குத் தெரியும்.

அப்பாவின் கண்ணுக்கும் ஏதோ தெரிந்துவிட்டது.

இடைவேளை. வடையும் தேத்தண்ணியும். அப்புத்துரை ஜனகனைக் கூட்டிக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனார். கையில் கம்பியில்லாத ஒலிவாங்கி. அதை அவர் கையில் இருந்து வாங்கியவர் அந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை. அதை நிறுத்தலாம் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவரும் இல்லை.

"மாட்டு டொக்டர் எண்டு முதலே சொல்லியிருக்கலாம், ஜனகன். அதை விடு. 'சொல்லாதேங்க' எண்டான், கவனிச்சியோ? மலைநாட்டு ஆள். நல்லாக் கதைக்கிறான், கதைக்கட்டும். ஆனா என்ர பிள்ளை அவனைப் பாக்கிற பார்வை சரியில்லை. என்ர வீட்டு முத்தத்துக்கு அவன் வரேலாது. நான் சொன்னால் சொன்னதுதான். என்ர சொல்லை என்னாலேயே மாத்த ஏலாது!"

பனை மரங்களில் கட்டிய நான்கு ஒலிபெருக்கிகளும் இதை ஒரு எழுத்துக் குறையாமல் வயல்வெளி முழுக்க விதைத்தன. மேடைக்குப் பின்னால் உறுமிய மின்பிறப்பாக்கியின் சத்தத்தில் அவர்கள் இருவருக்கும் மட்டும் அது கேட்கவில்லை.

வடை கடித்த வாய்கள் அப்படியே நின்றன. அந்த ஊரில் அரைவாசிக் குடும்பங்கள் மலைநாட்டில் இருந்து வந்தவை. சபையில் அவர்களில் ஒருவரும் இல்லை. அன்னதானத்துக்கு அரிசி சேர்க்கும்போது மட்டும் ஒரு வீடும் விடுபடுவதில்லை.

பின்வரிசையில் ஒரு மனிதர் மெல்ல எழுந்தார். மகன் பேசுவதைக் கேட்கச் செட்டிகுளத்தில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்த செல்வராசா. கிருபன் மேடையை விட்டு இறங்கினான். பொன்னாடையை மடித்துக் கதிரையில் வைத்தான். அப்பாவின் தோளைத் தொட்டு, "வாங்க, போவம்," என்றான். திரும்பிப் பார்க்கவில்லை. அவளைக் கூட...

வினோஜாவின் காதில் சத்தமெல்லாம் அடங்கிப்போனது. போகிறான். இந்த வீதியைத் தாண்டினால் இனி எந்தச் செவ்வாயும் அந்தக் கூரைக்குள் ஒதுங்கமாட்டான். மழை வந்தாலும். வெயில் வந்தாலும்.

அப்பா ஒன்றும் அறியாமல் மேடைக்கு வந்து, கம்பீரமாக, "இரண்டாம் சுற்று" என்றார். மகள் எழுந்து வந்து அவருடைய கையில் இருந்து ஒலிவாங்கியை வாங்கினாள்.

"எதிர்த்தரப்பு வழக்காளர் நிக்க வேணும். வழக்கு இன்னும் முடியேல்லை."

செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் கிருபன் நின்றான்.

"நடுவர் அவர்களே, 'ஏலாது' வேற, 'மாட்டன்' வேற எண்டு இவர் சொன்னவர். அதை உடைக்க என்னட்ட ஒரு வாதம் இருக்கு. நல்ல வாதம்." ஒலிவாங்கியை மற்றக் கைக்கு மாற்றினாள். "ஆனா நான் உடைக்கப் போறேல்லை. ஒப்புக்கொள்ளுறன். என்ர வழக்குத் தோத்திட்டுது."

அப்புத்துரையின் முகம் மலர்ந்தது. கடவுள் வழமைபோல வென்றுவிட்டார்.

"அதை ஒப்புக்கொண்டால் நடுவரிட்ட எனக்கு ஒரு கேள்வி இருக்கு. கொஞ்சம் முதல் ஒலிபெருக்கியில ஒரு குரல் கேட்டது. ஒராள் ஒரு வீட்டு முத்தத்துக்கு வரேலாதாம். அந்தச் சொல்லைச் சொன்னவராலேயே மாத்த ஏலாதாம்."

அப்புத்துரை ஒலிவாங்கியைப் பார்த்தார். மரத்தில் இருந்த ஒலிபெருக்கியைப் பார்த்தார். சனத்தைப் பார்த்தார். சால்வை ஒரு பக்கமாகச் சரிந்தது.

"தன்ர சொல்லைத் தன்னாலேயே மாத்த ஏலாது எண்டால் அவர் அந்தச் சொல்லுக்கு அடிமை. அடிமை எப்பிடி ஒரு சபைக்குத் தலைவரா இருக்கிறது? இல்லை, மாத்த ஏலும் எண்டால், 'ஏலாது' எண்டது பொய். 'மாட்டன்' எண்டு சொல்ல வேணும். ஏன் மாட்டன் எண்டும் சொல்ல வேணும். இஞ்ச, அம்மனுக்கு முன்னால, இருக்கிற எல்லாருக்கும் கேக்க."

ஏன் என்ற அந்தச் சிறிய சொல் வீதி முழுக்க நின்றது. காரணம் அப்புத்துரையிடம் இருந்தது. பத்து வயதில் இருந்தே இருந்தது. ஒலிவாங்கி இல்லாத இடங்களில் எத்தனையோ தரம் சொன்ன காரணம். இப்போது, அரிசி தந்த அத்தனை முகங்களும் பார்த்துக்கொண்டிருக்க, அது நாக்கில் ஏறவில்லை.

வினோஜா திரும்பினாள்.

"செருப்புத் தேடுறவரிட்டயும் ஒரு கேள்வி. போறியள்... நிக்க ஏலாது எண்டோ, நிக்க மாட்டன் எண்டோ?"

கிருபன் கையில் எடுத்த செருப்போடு நிமிர்ந்தான்.

"என்னை நில்லுன்னு... யாரும் கேக்கலைங்க."

"நான் கேக்கிறன்."

நான்கு ஒலிபெருக்கிகளும் அதைச் சொல்லின. வாய்க்காலில் முகம் கழுவிக்கொண்டு நின்றவருக்கும் கேட்டது. இளைஞர் பக்கம் இருந்து கோயில் என்பதையும் மறந்து ஒரு விசில்.

செல்வராசா மகனின் முதுகில் ஒன்று வைத்தார். "அந்தப் புள்ள கேக்குதுல்ல? செருப்பைக் கீழ போடுறா!"

எல்லாக் கண்களும் நடுவருக்குத் திரும்பின. அப்புத்துரை தொண்டையைச் செருமினார். இன்னொரு தரம் செருமினார். மூன்று பட்டங்களில் ஒன்றும் உதவிக்கு வரவில்லை.

"இந்த வழக்கு... சிக்கலான வழக்கு. இதுக்கு இப்பவே தீர்ப்புச் சொல்ல... ஏலா..." பாதியில் நிறுத்திக்கொண்டார். "சொல்ல மாட்டன். தீர்ப்பு ஒத்திவைக்கப்படுகிறது. அடுத்த தவணை ஞாயிற்றுக்கிழமை. இடம்..." வாய்க்குள் ஏதோ சொன்னார்.

"கேக்கேல்லை!" என்று பின்வரிசை கத்தியது.

"இடம், என்ர வீடு!" என்றார், கோபமாக. பிறகு பின்னால் நின்ற மனிதரை முதல் தரமாக நேரே பார்த்தார். "நீ... நீங்களும் வாங்கோ."

மூன்றாம் வரிசையில் இருந்து விமலேஸ்வரி, அவருடைய மனைவி, கையை ஆட்டி நினைவூட்டினார்: "நவராத்திரி! மரக்கறிதான் சமைப்பன்!"

வெளியே தூறல். மருத மரத்துக்குக் கீழே, மோட்டச்சைக்கிளுக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். உள்ளே ஜனகன் நன்றியுரை தொடங்கியிருந்தான். பந்தல்காரருக்கு நன்றி, கதிரை தந்தவருக்கு நன்றி...

"வேணுமெண்டு தோத்தனீங்கள்," என்றான் கிருபன்.

"ஓம்."

"அந்த நல்ல வாதம் என்ன?"

"சொல்லமாட்டன். ஒரு நாள் சண்டை பிடிக்கேக்க தேவைப்படும்."

அவன் சிரித்தான். ஹெல்மெற்றைக் கையில் மூன்று தரம் சுற்றினான்.

"வினோஜா... எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்குங்க."

தூறல் அவள் கன்னத்தில் விழுந்தது. துடைக்கவில்லை.

"இது எடுகூற்றோ, முடிவோ?"

"அப்பிடியெண்டால்?"

"அளவையியலில எதையும் எடுகூற்றில இருந்துதான் தொடங்குவம். யோசிச்சு யோசிச்சு வந்து சேருற இடம் முடிவு."

"எனக்கு எடுகூற்றுத்தான்," என்றான். "முதல் நாளே. யோசிக்கவே இல்லை. உங்களுக்கு?"

நன்றியுரை இப்போது சமையல்காரரிடம் வந்திருந்தது. வினோஜா அவனை நிமிர்ந்து பார்த்தாள். எத்தனை கோபம், எத்தனை மறுப்பு, எத்தனை பஸ் பயணம்...

"எனக்கு முடிவு," என்றாள்.